சுக்கு, வெந்தயம், வெந்நீர்ப் பை, அப்புறம் அந்த மாத்திரை

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் வயிற்று வலி என்றால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிடும். காலையில் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவளை இரண்டாவது பெஞ்சிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பெருங்காயம் கரைத்த மோர் என்றால் கொஞ்சம் பக்கத்தில் போக வேண்டும். அடிவயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, அதன் மேல் தாவணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நெல்லைப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் யாராவது ஒருத்தி டெஸ்க்கில் தலை கவிழ்த்துக் கிடப்பாள். "என்னட்டி, வீட்டுல என்ன குடுத்தாங்க?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பதில்கள் சுவாரசியமானவை. ஒரு வீட்டில் வெந்தயத்தை வாயில் போட்டு மோரை ஊற்றி முழுங்கு என்பார்கள், இன்னொரு வீட்டில் சுக்குக் காபி, மூன்றாவது வீட்டில் சதகுப்பைக் கஷாயம். நான்காவது வீட்டில், "இதெல்லாம் பொம்பளைக்கு உள்ளதுதான், போய்ப் படி."

அந்த நாலாவது வீட்டு வைத்தியத்தோடுதான் எனக்குப் பெரிய சண்டை. முதல் மூன்றோடும் சண்டை இல்லை, சில கேள்விகள் உண்டு. எது உண்மையிலேயே வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்?

முதலில் வலி ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் வைத்தியத்தின் பாதி தானே விளங்கும். கர்ப்பப்பையின் உள்படலம் கழன்று வரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அங்கே சுரக்கிறது. கர்ப்பப்பைத் தசையை ஈரத்துணியைப் பிழிவது போல இறுக்கிப் பிழியும் வேலை அதனுடையது. இறுக்கம் கூடும்போது தசைக்குப் போகிற ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் குறைகிறது, வலி எடுக்கிறது. அதே பொருள் ரத்தத்தில் கலந்து குடல் வரைக்கும் போவதால்தான் சில பிள்ளைகளுக்கு அன்றைக்கு வயிற்றாலே போகும், குமட்டும், வாந்தி வரும், தலை கிறுகிறுக்கும். "நேத்து ராத்திரி பரோட்டா தின்னா, அதான்" என்று அம்மாக்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். பாவம், பரோட்டா இதில் நிரபராதி.

இன்னொரு குழப்பமும் உண்டு. "வயசுக்கு வந்த முத வருஷம் ஒண்ணுமே இல்லையே டீச்சர், இப்ப மட்டும் ஏன் இப்படித் துடிக்கா?" என்று கேட்பார்கள். வயதுக்கு வந்த புதிதில் பல மாதங்கள் கருமுட்டை வெளிவராமலே மாதவிடாய் வந்துபோகும். அந்த மாதங்களில் வலியும் அவ்வளவாக இருக்காது. முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகுதான், அதாவது ஆறு மாதமோ ஒன்றிரண்டு வருடமோ கழித்து, இந்த வலி ஆரம்பிக்கிறது. அப்படித் தாமதமாக வருவது இயல்பு, யார் கண்ணும் பட்டதால் வந்ததில்லை. வழக்கமாக ரத்தப்போக்கு தொடங்கும் நேரத்தை ஒட்டி ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

இப்போது சுக்கு. "சுக்குக்கு மிஞ்சின மருந்துமில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சின தெய்வமுமில்லை" என்று எங்கள் ஆச்சி சொல்லும்போதெல்லாம், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும் என்று சிரிப்பேன். தெய்வத்தைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் மாதவிடாய் வலிக்குச் சொல்லப்படும் மூலிகைகளில் ஓரளவு உருப்படியாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது இஞ்சிதான். ஈரானில் 150 மாணவிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடி கேப்சூலும், மற்ற இரண்டு குழுக்களுக்கு மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைகளும் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சி வேளைக்கு ஒன்றாக நாளுக்கு நான்கு, ஆகமொத்தம் ஒரு கிராம். 2009இல் முடிவு வந்தது: மூன்று குழுவிலும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது.

உடனே வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். ஒன்றுமே கொடுக்காத, அல்லது மாவு கேப்சூல் கொடுத்த குழு அந்த ஆய்வில் இல்லை. மூன்றாம் நாளில் வலி எப்படியும் தானாக அடங்குகிற சமாச்சாரம் என்பதால், குறைந்ததில் எவ்வளவு பங்கு மருந்துக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் குறையை 2012இல் வந்த இன்னொரு ஈரானிய ஆய்வு ஓரளவு சரிசெய்தது. அதில் 120 மாணவிகள், போலி மருந்துக் குழுவும் உண்டு. வேளைக்கு 500 மில்லிகிராம் இஞ்சிப் பொடி, நாளுக்கு மூன்று வேளை. சிலர் ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து சாப்பிட்டார்கள், சிலர் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சாப்பிட்டார்கள். வலியின் கடுமை இரண்டு விதத்திலும் குறைந்தது. வலி நீடிக்கும் நேரம் குறைந்ததோ முன்கூட்டியே ஆரம்பித்தவர்களுக்கு மட்டும்தான்.

நம் வீடுகளில் சுக்குக் காபி தோற்கும் இடம் இதுதான். பிள்ளை சுருண்டு படுத்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கிறோம். அதற்குள் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து, தசை இறுகி, வாந்தியும் ஆரம்பித்திருக்கும். குடித்ததும் வெளியே வந்துவிடும். தேதி ஓரளவு ஒழுங்காக வருகிற பிள்ளையாக இருந்தால், இரண்டு நாள் முன்பே தொடங்கலாம். தேதி ஒழுங்கில்லை என்றால் இடுப்பு கடுக்க ஆரம்பித்த உடனேயாவது. அளவும் முக்கியம். கல்யாண வீட்டுச் சுக்குக் காபியில் கருப்பட்டியும் மல்லியும் தூக்கலாக இருக்கும், சுக்கு பேருக்கு இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவு என்றால் நாளைக்கு அரை முதல் முக்கால் டீஸ்பூன் சுக்குப் பொடி வருகிறது. அதை மூன்று வேளையாகப் பிரித்து, கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் குடிக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சு எரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிக்க ஓடிவருகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பொடியை வீட்டிலேயே இடிப்பதானால் மேல்தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நஞ்சோ இல்லையோ, மண்ணும் பூஞ்சையும் அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெந்தயத்துக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் ஈரான், 2014. முதல் மூன்று நாள், வேளைக்கு 900 மில்லிகிராம், மூன்று வேளை. போலி மருந்துக் குழுவைவிட வலி நன்றாகக் குறைந்தது, களைப்பும் தலைவலியும்கூடக் குறைந்தன என்கிறார்கள். 900 மில்லிகிராம் என்பது சுமார் கால் டீஸ்பூன். ஆனால் அவர்கள் கொடுத்தது பொடி. நாம் முழு வெந்தயத்தை மோரோடு கடகடவென்று முழுங்கச் சொல்கிறோம், அது பாதி வந்த வழியே முழுசாகப் போய்விடும் என்பது என் சந்தேகம். வறுத்துப் பொடித்து மோரில் கலக்கினால் கசக்கும்தான். கசக்கட்டும்.

சோம்புக்கும் பட்டைக்கும் இப்படிச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, முடிவுகள் நம்பிக்கையூட்டும் பக்கம் சாய்கின்றன. சோம்புத் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை. நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது சீனப் பட்டை, அதைத் தினமும் அள்ளிப்போட்டால் ஈரலுக்கு ஆகாது. மாதத்தில் மூன்று நாள் சிட்டிகை அளவு என்றால் பயமில்லை. ஓமமும் பெருங்காயமும் வாயுவுக்கானவை. குடலும் சேர்ந்து குழம்புகிற நாள் என்பதால் வயிற்று உப்புசம் இறங்குவதே ஒரு நிம்மதி. அதற்குமேல் அவற்றிடம் நான் எதிர்பார்ப்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் தெளித்தாக வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மாதவிடாய் வலிக்கான மூலிகைகளையும் சத்துப் பொருட்களையும் 2016இல் எடுத்து அலசியது. 27 ஆய்வுகள், 3101 பெண்கள். இஞ்சி, வெந்தயம், இன்னும் சிலவற்றுக்குப் பலன் இருக்கலாம் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு, ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு, மிகக் குறைவு என்றுதான் அவர்கள் எழுதினார்கள். நான் சொன்ன இஞ்சி, வெந்தய ஆய்வுகளில் இருந்தவர்களும் கல்லூரி மாணவிகள், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அல்ல. சுக்கும் வெந்தயமும் எப்படியும் நம் சாப்பாட்டில் இருப்பவை என்பதால்தான் இவ்வளவு ஆதாரத்தை வைத்துக்கொண்டே தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அந்தத் தைரியம் நாட்டு மருந்துக் கடையில் செல்லாது. அங்கே போய் "பொம்பளப் பிள்ளைக்கு வயித்து வலி" என்றால் சதகுப்பை, கருஞ்சீரகம், கழற்சிக்காய் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். யூடியூபில் மலைவேம்புச் சாறு வேறு ஓடுகிறது. சித்த வைத்தியத்தில் இவற்றுக்கெல்லாம் இடமுண்டு. ஆனால் அங்கே நாடி பார்த்து, உடம்பைப் பார்த்து, எத்தனை நாள் எதனோடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல அரசு ஆஸ்பத்திரிகளிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவர் சும்மா பார்த்துத் தரும்போது, பொட்டலத்தை நம்பி நாமே கஷாயம் காய்ச்சுவது எதற்கு?

அசோகப் பட்டை பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களின் கர்ப்பப்பைக் கோளாறுகளுக்கு ஆயுர்வேதம் பெரிதாக நம்பும் மருந்து அது. உண்மையான அசோகம் செம்மஞ்சள் பூக்கொத்துகள் உடைய மரம், இன்றைக்குக் காட்டில் அருகிவருகிறது. ஆகவே சந்தைக்கு வரும் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்பது பழைய கதை. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நெடுநெடுவென்று நிற்குமே, எல்லோரும் அசோக மரம் என்று சொல்வார்களே, அதுதான் நெட்டிலிங்கம். எங்கள் பள்ளியிலும் வரிசையாக நிற்கின்றன. ஒரு அம்மா மகளின் வலிக்கென்று அதில் கொஞ்சம் பட்டை உரித்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அந்த அப்பாவி மரத்தைக் காப்பாற்ற எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கடையில் கிடைக்கும் அசோகாரிஷ்டத்திலோ புளித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, பாட்டிலிலேயே 5 முதல் 10 சதவீதம் என்று போட்டிருக்கும். பிள்ளைக்கு டானிக் என்று ஊற்றிக் கொடுக்கிறவர்கள் அந்த வரியை ஒருமுறை வாசிக்கலாம்.

உளுந்தங்களியையும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். எனக்குப் பிடித்த பதார்த்தம் அது. தோல் உளுந்தும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் கையெல்லாம் வழிய உருட்டித் தின்பது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் அதைக் கொடுக்காமல் விட்டால் தாய்மாமன் வீட்டில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். புரதம் இருக்கிறது, தெம்பு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அது சாப்பாடு, வலி மருந்தல்ல. ரத்தசோகைக்கு மருந்தும் அல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய், அதற்கு ஈடாகச் சாப்பாடும் இல்லாத பிள்ளை அந்த மூன்று நாளும் எழுந்திருக்கவே மாட்டாள். வலியும் சோர்வும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை, "கறுப்பா வெளிக்குப் போகுது டீச்சர்" என்று ஜன்னல் வழியே எறிகிறவர்களை நான் அறிவேன். கறுப்பாகத்தான் போகும். சாப்பிட்டதும் டீ குடிக்காமல் இருந்தால் இன்னும் நன்றாகச் சேரும்.

மூலிகை இல்லாத ஒரு வைத்தியத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெந்நீர்ப் பை. அல்லது கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம். 2001இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கட்டியவர்களுக்கு, ஐபுபுரூஃபன் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு வலி இன்னும் சீக்கிரம் விட்டது. 39 டிகிரி என்பது கை பொறுக்கும் இளஞ்சூடு. தோல் சிவந்து பொத்துப்போகும் அளவுக்குக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் கேட்கும் என்பதில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து நிரப்பி, துவாலை சுற்றிக் கொடுப்போம். ஒரு பீரியடில் திரும்பி வகுப்புக்கு வந்துவிடுகிறவர்கள் அதிகம்.

இனி அந்த மாத்திரை. "மெஃப்டால் போட்டா கர்ப்பப்பை சுருங்கிரும், பின்னால பிள்ள தங்காது" என்று எத்தனை அம்மாக்கள் என்னிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. மெஃப்டாலில் இருக்கும் மெஃபனமிக் ஆசிட் செய்வது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பது, அவ்வளவுதான். இஞ்சியும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள். ஒன்றை அமிர்தம் என்றும் மற்றதை விஷம் என்றும் சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சாப்பிட்ட பிறகு, வலி முற்றுவதற்கு முன்னால், இரண்டு மூன்று நாள் மட்டும், டாக்டர் சொன்ன அளவில் போட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டெங்குவோ என்று சந்தேகம் வரும் காய்ச்சல் நேரத்தில் தொடவே கூடாது. 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. மிக அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்பதுதான் செய்தி. அது எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் "மெஃப்டாலைத் தடை செய்துவிட்டார்கள்" என்று ஆகிவிட்டது. தடை எதுவும் செய்யவில்லை. தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு ஓடிப்போய் டாக்டரைப் பார்க்க வேண்டும், அது எந்த மருந்துக்கும் பொருந்தும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலி மாத்திரைக்கு இவ்வளவு பயப்படும் அதே வீட்டில், கோயில் கொடைக்கோ அக்கா கல்யாணத்துக்கோ தேதி இடிக்கிறது என்றால், மெடிக்கலில் "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் சீட்டு கிடையாது, ஒரு கேள்வியும் கிடையாது. அது ஹார்மோன் மருந்து. பிள்ளையின் வலிக்கென்றால் மருந்து ஆகாது, வீட்டு விசேஷத்துக்கென்றால் ஆகும்!

எல்லா வயிற்று வலியும் இந்த வலி இல்லை என்பதற்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. கூடப் படித்த அத்தனை பேரும் வயதுக்கு வந்துவிட்டார்கள், இவள் இன்னும் வரவில்லை. ஆனால் மாதாமாதம் மூன்று நான்கு நாள் அடிவயிறு பிடித்துக்கொள்ளும். அவள் ஆச்சி, "பெரிய பிள்ள ஆகப்போறா, அதான் கடுக்குது" என்று ஓமத் தண்ணீரும் எள்ளுருண்டையுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் அவளுக்குச் சிறுநீரே போகவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் தெரிந்தது. அவள் எப்போதோ வயதுக்கு வந்துவிட்டாள். பிறப்பிலேயே கன்னித்திரை முழுவதும் மூடியிருந்ததால் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. சின்ன அறுவைச் சிகிச்சைதான். அடுத்த வாரமே பள்ளிக்கு வந்துவிட்டாள். ஆச்சியின் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கண்ட அனுபவத்தில் அப்படி ஒன்று இருந்திருக்காது. ஓமத் தண்ணீர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மருந்துதான் கொடுக்கிறோமே என்ற நிம்மதியில், மாதாமாதம் ஏன் வலிக்கிறது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதனால் பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்கள் வெளியே டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நான் சொல்லிவிடுவேன். சுக்கோ வெந்தயமோ வெந்நீர்ப் பையோ, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். மாத்திரையும் போட்டுப் பார்த்து அப்படியும் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் இல்லாத நாளிலும் வலிக்கிறது, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது, வெளிக்குப் போகும்போது உயிர் போகிறது என்றால், கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், அது கல்யாணமான பெண்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், எட்டு நாளுக்குமேல் நீடித்தால், ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வேண்டாம், மூலிகைப் பொடிகளும் வேண்டாம். காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். "கல்யாணம் ஆகாத பிள்ளைய லேடி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன்தான், உள்ளே ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் தெளியும். அந்தப் பயம்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவிடாமல் வைத்திருந்தது என்பது அப்போது புரியும்.

பிள்ளைகளிடம் ஒரு வேலை மட்டும் கொடுத்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, எத்தனை நாள் போனது, வலி பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டாய், கேட்டதா கேட்கவில்லையா. டாக்டர் முன்னால் வாயடைத்து நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் பேசும். இப்போது சில பிள்ளைகள் கணிதப் பாடத்தைவிட அக்கறையாக அதை எழுதுகிறார்கள். ஒருத்தி வரைபடமே போட்டிருந்தாள், சுக்கு குடித்த மாதம் பச்சை, குடிக்காத மாதம் சிவப்பு.

பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் ஒரே கவலை: "பொதுத்தேர்வு அன்னைக்கு வந்துட்டா என்ன டீச்சர் செய்ய?" ஜனவரி, பிப்ரவரி திருப்புதல் தேர்வுகளிலேயே உனக்கு எது கேட்கிறது என்று பார்த்து வைத்துக்கொள் என்பேன். தேர்வு நாளில் புதிதாக எந்தக் கஷாயமும் வேண்டாம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரையும் வேண்டாம். டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது இருந்தால், காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள். கூடுதலாக ஒரு நாப்கின் எடுத்துக்கொள். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கண்காணிப்பாளரிடம் கையைத் தூக்கிக் கேள், அனுப்புவார்கள்.

"சார் ட்யூட்டில இருந்தா டீச்சர்?"

சாரிடமும் அதே கையைத் தூக்கித்தான் கேட்க வேண்டும்.